நொட்டாங்கைக்கு ஒரு மடக்குக் கத்தி

1. முதல் நாளே ரத்தம்

கேனப்பி வேலைக்குப் போன முதல் நாளே விரலைக் கிழித்துக்கொண்டவன் நான். கேனப்பி என்றால் கல்யாணம், கருமாதி எதுவானாலும் வீட்டு முன்னால் போடுகிற இரும்புக்கால் கூடாரம். அன்றைக்கு ஸ்கூடாயில் ஒரு கல்யாண வீடு. கேபிள் டையை அறுக்கச் சொல்லி என் கையில் ஒரு கட்டரைக் கொடுத்தார்கள், பேப்பர் வெட்டுகிற அதே கட்டர். அழுத்தினேன். பிளேடு பட்டென்று முறிந்து விரலில் ஏறியது.

முதலாளி ஓடி வந்தார். என் விரலைப் பார்க்கவில்லை. மேலே கட்டியிருந்த கேன்வாஸைத்தான் பார்த்தார்.

"அலமாக், வெள்ளத் துணி லா! ரத்தம் பட்டுச்சா?" என்று பதறினார்.

"படலங்க."

"அப்ப சரி. போய் கையக் கழுவு."

கெட்ட மனுஷர் இல்லை. கழுவிவிட்டு வந்ததும் அவரேதான் பிளாஸ்டர் ஒட்டிவிட்டார். ஆனால் அந்தக் கட்டரை அதற்கப்புறம் நான் தொடவில்லை.

எங்கள் வேலையில் கத்திக்கு ஓய்வே கிடையாது. நைலான் கயிறு அறுக்க வேண்டும், பிளாஸ்டிக் நாற்காலிக் கட்டைப் பிரிக்க வேண்டும், கிழிந்த கேன்வாஸ் ஓரத்தை ஒழுங்கு பண்ண வேண்டும், வாசலில் கட்டுகிற வாழைமரத்தின் காய்ந்த மட்டையைக் கழிக்க வேண்டும். வேலை முடிந்தால் யாராவது ஒரு பப்பாளியைக் கொண்டுவந்து நீட்டுவார்கள், அதையும் வெட்ட வேண்டும். ஒரு பிறந்தநாள் வீட்டில் கேக் வெட்டக் கத்தியை மறந்துவிட்டு என்னிடம் வந்து கேட்டார்கள். கழுவித்தான் கொடுத்தேன், பயப்படாதீர்கள்.

2. கடையில் குடியிருந்தேன்

எனக்கு நொட்டாங்கைப் பழக்கம். சின்ன வயதில் அதற்காக நான் வாங்காத திட்டு இல்லை. சாப்பாட்டுக்கு மட்டும் சோத்தாங்கை பழகினேன், மற்ற எல்லாவற்றுக்கும் இடதுதான். அதனால்தான் எனக்குக் கத்தி வாங்குவது ஒரு பெரிய பாடாகிப் போனது.

ஸ்கூடாய் ஹார்ட்வேர் கடையில் இருந்த மடக்குக் கத்திகளில் பாதி வலது கைக்காரனுக்கென்றே செய்தவை. லாக்கை விடுவிக்கிற தகடு வலது பெருவிரல் படுகிற இடத்தில் உட்கார்ந்திருக்கும். இடது கையில் பிடித்தால் என் விரல் அதைத் தேடிக்கொண்டே இருக்கும். சின்னக் கத்திகள் ஈரக் கையில் வழுக்கின. சிலவற்றில் லாக்கே ஆடியது. கயிறு அறுக்கும்போது பிளேடு மடங்கினால் விரல் போய்விடும். பட்டனைத் தட்டினால் பாய்கிற கத்தி ஒன்று இருந்தது. அதை வாங்கினால் ரோட் பிளாக்கில் நிறுத்துகிற போலீஸிடம், "கூடாரம் கட்டத்தான் சார்" என்று சொல்லிப் பாருங்கள், நம்புவாரா!

கடைக்காரச் சீன அம்மா எங்களோடு பழகிப் பழகி அரைத்தமிழ் பேசுவார். நான் மறுபடி மறுபடி வந்து கண்ணாடிப் பெட்டியைத் திறக்கச் சொல்வதில் அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"அண்ணே, இன்னும் முடியல்லியா? கத்தி லா, கார் இல்ல!"

கூட வந்த மாரியப்பன் விழுந்து விழுந்து சிரித்தான். மாரி என் ஜோடி. கூடாரத்தின் ஒரு காலை நான் பிடித்தால் அடுத்த காலை அவன்தான் பிடிப்பான். வாய் மூடாது. வார இறுதியில் கோயில் கோயிலாகப் போய் உறுமி அடிப்பான். நன்றாகவே அடிப்பான், அதை அவனிடம் சொன்னால்தான் தலைக்கனம் ஏறிவிடும்.

"இவ்ளோ நேரம் பொண்ணு பாத்திருந்தா ரெண்டாங் கல்யாணமே முடிஞ்சிருக்கும்ண்ணே," என்றான். "நொட்டாங்கைக்கு ஒரு கத்தியாம்!"

"வாய மூடுடா. என் விரலு, நான் பாத்துக்கிறேன்."

கடைசியில் எனக்குக் கிடைத்தது நல்ல பெரிய கத்தி. பிளேடு என் உள்ளங்கை அகலத்தைவிட நீளம். கைப்பிடி சொரசொரப்பான ரப்பர், கிளவுஸ் போட்டாலும் நாலு விரலும் அடங்கும். பிளேடின் இரண்டு பக்கமும் பெருவிரலால் தள்ளித் திறக்க ஒரு குமிழ். லாக் கைப்பிடியின் முதுகில் இருந்தது, எந்தக் கையாலும் அழுத்தலாம். பிளேடின் நுனிப் பாதி வழவழப்பு, அடிப் பாதி பல் பல்லாக. அந்தப் பல் கயிற்றுக்கு.

மாரி அதையும் குறை சொன்னான். "பல்லு வச்சத தீட்ட முடியாதுண்ணே." அது உண்மைதான். ஆனால் ஈர நைலானை வழவழப்பான பிளேடால் அறுத்துப் பார்த்தவனுக்குத்தான் அந்த அவஸ்தை தெரியும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களில் யாரும் கத்தியைக் கைக்குக் கை கொடுக்க மாட்டோம். கொடுத்தால் சண்டை வரும். கீழே வைப்போம், அடுத்தவன் எடுத்துக்கொள்வான். மாரி மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவன், நான் மாதா கோயிலுக்குப் போகிறவன், ஆனால் இந்த விஷயத்தில் இரண்டு பேரும் ஒரே கட்சி.

3. செனாயில் அந்த மத்தியானம்

செனாயில் ஒரு நிச்சயதார்த்த வீடு. கூடாரத்தின் மூன்று மூலைகளைத் தண்ணீர் டிரம்மில் கட்டியாகிவிட்டது. நாலாவது மூலைதான் பாக்கி. நான் அந்தக் காலைப் பிடித்திருந்தேன். மாரி மேலிருந்து வருகிற கயிற்றை லாரிக் கொக்கியில் மாட்டிவிட்டு, அதை இறுக்க வலது கையில் இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்துக்கொண்டிருந்தான். கயிற்றைக் கையில் சுற்றக் கூடாது. எங்கள் எல்லோருக்கும் தெரியும். பிடி நன்றாகக் கிடைக்கிறதே என்று எல்லோரும் செய்வோம்.

திடீரென்று மழை கொட்டியது. கூடவே வந்த காற்று கேன்வாஸுக்கு அடியில் புகுந்து மூலையைத் தூக்கிவிட்டது. நான் வலது கையால் இரும்புக்காலைக் கட்டிப்பிடித்துத் தொங்கினேன். மாரி கத்தினான். கயிற்றின் ஒரு முனை மேலே கூடாரத்தில், மறு முனை கீழே லாரியில், நடுவில் அவன் மணிக்கட்டு. காற்று தூக்கத் தூக்கக் கயிறு சதைக்குள் போனது. விரல்கள் நீலமாவதை நானே பார்த்தேன். நான் காலை விட்டால் கூடாரம் மேலே போகும், அவன் கையைப் பிய்த்துக்கொண்டுதான் போகும். மற்ற ஆட்கள் வீட்டுக்குள் நாற்காலி தூக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த இரைச்சலில் கூப்பிட்டால் யாருக்குக் கேட்கும்?

இடது கையைப் பாக்கெட்டில் விட்டுக் கத்தியை எடுத்தேன். கயிறு எனக்கு எட்டவில்லை, ஆனால் மாரியின் இடது கை எட்டும். மடக்கியபடியே நீட்டினேன்.

"கீழ வைங்கண்ணே!" என்றான்.

நானும் காலைக் கட்டிப்பிடித்தபடியே சரிந்து, கத்தியைத் தரையில் வைத்தேன்! பழக்க தோஷம், வேறென்ன சொல்ல! அவன் கை தலைக்கு மேலே இழுபட்டிருக்கிறது, எப்படிக் குனிவான்? இரண்டு பேரும் அந்தக் கத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அப்புறம்தான் எனக்குப் புத்தி வந்தது. அள்ளி எடுத்து மறுபடி நீட்டினேன்.

"புடிடா கையில!"

"சண்ட வரும்ண்ணே!"

"வந்தா வரட்டும், வாங்குடா மடையா!"

வாங்கிவிட்டான். ஜென்மத்தில் இடது கையால் கத்தி திறக்காதவன். "கட்ட விரலால குமிழத் தள்ளு! கைக்கு மேல இருக்கிற கயிற அறு!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். முதல் தடவை விரல் வழுக்கியது. அடுத்த தடவை பிளேடு வெளியே வந்து 'டக்' என்று லாக் விழுந்தது. அந்தச் சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. பல் வைத்த பக்கத்தைக் கயிற்றில் வைத்து இழுத்தான், இன்னொரு இழுப்பு இழுத்தான், கயிறு அறுந்தது. மாரி சேற்றில் தொப்பென்று உட்கார்ந்தான். நான் காலை விட்டுவிட்டு அவனை இழுத்துக்கொண்டு ஓடினேன். பின்னால் மூலை எழும்பி, திரும்ப விழுந்து, இரும்பு வளைந்தது. அடியில் யாரும் இல்லை.

4. கிளினிக்கில்

டாக்டர் ஒரு தமிழ்ப் பெண். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார், ஒவ்வொரு விரலாக மடக்கச் சொன்னார். மாரி ஒவ்வொன்றாக மடக்கிக் காட்டினான்.

"எலும்பு உடையல. விரல் எல்லாம் அசையுது. வீக்கம் வத்திரும், பயப்படாதீங்க."

"உறுமி அடிக்கலாமா டாக்டர்?" என்றான் மாரி.

"அடிக்கலாம். கொஞ்ச நாள் பொறுத்து அடிங்க."

மாரி ஓவென்று அழுதுவிட்டான். மாதாவே, நல்ல காலம் என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியதும், பசி என்றால் அப்படி ஒரு பசி.

முதலாளி மூச்சிரைக்க வந்தார். கேன்வாஸ் கிழிந்துவிட்டது என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன்.

"துணி போனா போவுது லா! கை இருக்கா?"

"இருக்குங்க," என்றோம் இரண்டு பேரும்.

5. கத்தி வாங்கப் போகிறவர்களுக்கு

இப்போது நான் வேலையை விட்டு வீட்டில் இருக்கிறேன். புதிதாக வருகிற பிள்ளைகள் எந்தக் கத்தி நல்லது என்று கேட்கிறார்கள். பளபளப்பைப் பார்க்காதீர்கள் என்பேன். பழகின கையில் எந்தக் கத்தியும் எப்படியோ திறந்துவிடும், அதனால் கடையில் மற்ற கையில் பிடித்துத் திறந்து பாருங்கள். கையை நனைத்துக்கொண்டு திறந்து பாருங்கள். கூட வேலை செய்கிறவனிடமும் கொடுத்துத் திறக்கச் சொல்லுங்கள், ஆபத்தில் யார் கை மாட்டும், யார் கை சும்மா இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? வேலை முடிந்தால் கத்தி லாரியின் டூல் பாக்ஸுக்குள் போய்விட வேண்டும், பாக்கெட்டில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றக் கூடாது. கயிற்றைக் கையில் சுற்றாதீர்கள் என்றும் சொல்வேன். கேட்க மாட்டார்கள், தெரியும்.

கையில் கொடுத்தால் சண்டை வரும் என்பார்களே, வந்தே விட்டது. அன்றைக்கு வாங்கிய கத்தியை மாரி இன்னும் திருப்பித் தரவில்லை. பார்க்கும்போதெல்லாம் கேட்கிறேன்.

"என் கத்திய எப்படா குடுப்ப?"

"உங்க கத்தியா? உங்ககிட்ட இருந்தப்ப அது பப்பாளியும் கேக்கும்தான் வெட்டுச்சு. என் கைக்கு வந்தப்புறம்தான் ஒழுங்கா ஒரு வேல செஞ்சுது!"

ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு, இரண்டு கையையும் ஆட்டி ஆட்டிச் சண்டை போடுகிறான். நானும் அந்த வலது கையைப் பார்த்துக்கொண்டே திட்டுகிறேன்.