கண் தெரியாத வாத்தும் மதாமின் வான்கோழியும்

எங்கள் வீட்டில் பறவை வளர்ப்பவர் என் கணவர். அள்ளிக் கொட்டிக் கழுவுகிறவள் நான். அவருக்கு டிரைவர் வேலை, விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார். உழவர்கரை வீட்டின் பின்புறத்தைக் கூட்டிவிட்டுத்தான் நான் லாஸ்பேட்டைக் கல்லூரி அலுவலகத்துக்கு ஸ்கூட்டரை எடுக்க முடியும். புடவையில் எச்சம் பட்டிருப்பதை அங்கே யாராவது சொல்லித்தான் தெரிந்துகொள்வேன்.

ஆடியில் ஒரு வான்கோழிச் சேவலைக் கொண்டுவந்தார். டவுனில் தனியாக இருக்கும் ஒரு வயதான அம்மாளுக்கு, ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் விருந்துக்கு ஒன்று வளர்த்துத் தருவது வழக்கம். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர், எல்லோருக்கும் மதாம்.

எங்களிடம் ஏற்கெனவே ஒரு கிழட்டு வாத்து இருந்தது. இரண்டு கண்ணிலும் பூ விழுந்துவிட்டது. கூட இருந்த வாத்துகளை நாய் கொண்டுபோன பிறகு சுவரில் முட்டிக்கொண்டு திரிந்தது. வான்கோழிதான் எதற்கெடுத்தாலும் கத்துமே, ஹாரன் அடித்தாலும் கத்தும், குக்கர் விசிலுக்கும் கத்தும். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வாத்து நடக்க ஆரம்பித்தது. தண்ணீர்த் தொட்டிக்கு அது முன்னால் போகும், இது பின்னால் போகும். வாத்து பின்தங்கினால் வான்கோழி நின்று கத்தும். எனக்குப் பொறாமையாக இருந்தது. எங்கள் வீட்டில் எனக்காக யாரும் அப்படி நின்றதில்லை.

கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் முன்பு வான்கோழியை மதாம் வீட்டில் கொண்டுபோய் விட்டார். வாத்து அன்று முதல் தீனி தொடவில்லை. தொட்டி எங்கே என்று தெரியாமல் வெயிலில் நின்றது.

"ரெண்டு நாள்ல மறந்துடும்" என்றார்.

"ரெண்டு நாள் ஆயிடுச்சு. தண்ணிகூட குடிக்கல."

"அதுக்கு நான் என்னா பண்றது? சொன்ன சொல்லு ஒண்ணு இருக்குல்ல."

வேலையோடு வேலையாக இதுவும் என் தலையில் விழுந்தது. மறுநாள் லீவு சொல்லிவிட்டுத் தவளக்குப்பம் வரை போய், ஒரு வீட்டில் வளர்த்துக்கொண்டிருந்த வேறொரு வான்கோழியை வாங்கினேன். சாக்கில் போட்டுத் தலையை மட்டும் வெளியே விட்டு, காலிடுக்கில் வைத்து ஓட்டிக்கொண்டு மதாம் வீட்டுக்குப் போனேன். இடுப்பு விட்டுப்போயிற்று.

மதாம் கொல்லையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் கரண்டி. வெட்டுவதற்கு முன் வான்கோழிக்கு பிராந்தி புகட்டுவது அவர் வழக்கம், கறி மெத்தென்று இருக்குமாம். எங்கள் வான்கோழி கால் தள்ளாடிச் சுவரோரம் நின்றது. சாக்கில் இருப்பதை வைத்துக்கொண்டு அதைத் திருப்பித் தரும்படி கேட்டேன்.

"ஊத்தியாச்சும்மா. இனிமே மாத்த முடியாது" என்றார். பிறகு சாக்கை எட்டிப் பார்த்து, "இது எலும்பால்ல இருக்கு" என்றார்.

"எங்க வாத்துக்குக் கண்ணு தெரியாது மதாம். அதோட சத்தத்தை வச்சுதான் நடந்துட்டிருந்துது."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். புடவையில் அன்றும் எச்சம் இருந்திருக்க வேண்டும்.

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன? மூணு கரண்டி பிராந்தி வீணாப்போச்சு" என்று சொல்லிவிட்டுப் புதிய வான்கோழியை அவிழ்க்கச் சொன்னார். அவிழ்த்துவிட்டேன். அதற்கும் ஒரு கரண்டி ஊற்றினார்.

வீட்டுக்கு வந்து எங்களுடையதை இறக்கியதும் அது பக்கவாட்டில் நான்கடி போய், உட்கார்ந்து, குளறலாக ஒரு சத்தம் போட்டது. வாத்து கழுத்தை நீட்டிக்கொண்டு நேராக அதனிடம் வந்தது. சிறிது நேரம் கழித்துத் தண்ணீர் குடித்தது. நான் தொட்டி ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்கத் தெம்பில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது.

தவளக்குப்பத்தில் வாங்கியதோடு அங்கே எது சேர்ந்து திரிந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் வாங்க மனம் வராது என்று தெரிந்துதான் கேட்கவில்லை.