அங்குலத்துக்கு எத்தனை புள்ளி

காலையில் மேடவாக்கத்திலிருந்து நண்பன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். கூட்டமாக நிற்கும் கல்யாண போட்டோவின் ஓரத்தில், கடுகளவு முகமாக அவனுடைய அப்பா. போன வாரம்தான் காலமானார். "மச்சான், நீ ஸ்கேன் கடையில இருந்தவன்தானே? காரியத்துக்கு ரெண்டடி சைஸ்ல போட்டுக் குடுடா." கடையில் இருந்தது உண்மைதான். அதற்காக என்னை மந்திரவாதி என்றே நினைத்துவிட்டான்.

அந்தக் கடை மேற்குத் தாம்பரத்தில், ஸ்டேஷனுக்கு எதிர்ச் சந்தில் இருந்தது. ஸ்கேனர் மூடியைத் திறந்தால் சூடான கண்ணாடி வாசனை வரும். கண்ணாடிக்கு ஏது வாசனை என்பீர்கள். வரும், நம்புங்கள். முதலாளி சேவியர் அண்ணனுக்கு ஒரே வேதம்தான்: தாளில் அங்குலத்துக்கு முந்நூறு புள்ளி விழுந்தால் படம் தெளிவாக வரும். ஒரு அங்குலப் படம் நாலு அங்குலமாக வேண்டுமா, ஆயிரத்து இருநூறில் ஸ்கேன் செய். ஏதோ உலகத்தையே அளந்துவிட்ட மாதிரி நானும் இதைப் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

அந்தக் கர்வம் அஸ்தினாபுரத்து சரோஜா அக்கா வந்த அன்றோடு போயிற்று. கட்டட வேலைக்குப் போகிறவர். காய்ச்சலில் போன மகளுக்கு ஒரேயொரு பாஸ்போர்ட் சைஸ் படம்தான் மிச்சம். அதைச் சாமி மாடத்தில் வைத்து, வெள்ளிக்கிழமைதோறும் ஈரத்துணியால் துடைத்துப் புதுப்பொட்டு வைத்திருக்கிறார். துடைத்துத் துடைத்தே முகம் அழிந்துவிட்டது.

"கண்ணாடி போட்டா புள்ளைக்கு மூச்சு முட்டும்னு தோணிச்சுண்ணா."

முந்நூறில் எடுத்தோம். மூக்கிருந்த இடத்தில் வெள்ளைக் கறை. அறுநூறில் கறை பெரிதானது. ஆயிரத்து இருநூறில் காகித நாரும் குங்குமத் துகளும் திரை முழுக்கத் தெரிந்தன. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

"சின்னதாவே வெச்சுக்கோக்கா. தள்ளி நின்னு பாத்தா ஜாடை தெரியும்," என்றார் அண்ணன்.

"சின்னதுதான் கையிலயே கீதேண்ணா. மூஞ்சிய பாக்கத்தானே வந்தேன்."

மனசு கேட்காமல், அண்ணன் வேறொரு பெண்ணின் கண்ணையும் மூக்கையும் கம்ப்யூட்டரில் ஒட்டி, நாலு அங்குலத்தில் அச்சடித்தார். பளிச்சென்று வந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "மூக்கு இப்டித்தான் இருந்துச்சா? எனக்கே நெனப்பு இல்லியே," என்றார். நான் அவர் மகளைப் பார்த்ததே இல்லை. அக்கா இரண்டு படங்களையும் முந்தானையில் முடிந்துகொண்டு போனார்.

சேவியர் அண்ணன் இப்போது இல்லை. கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். அக்காவின் தெருவில் அடுக்குமாடி எழும்பிவிட்டது. அவர் எங்கே போனார் என்று சொல்லக்கூட ஆளில்லை.

நண்பனிடம் ஒரிஜினல் இருக்கிறதா என்று கேட்டேன்.

"அப்பாவோட பழைய போன்ல இருந்துச்சுடா. அதை எக்ஸ்சேஞ்சுல குடுத்துட்டாரு. வேற இல்ல. ரெண்டடி வரும்ல?"

படத்தை விரலால் விரித்தேன். சதுரம் சதுரமாகப் பெருகிக்கொண்டே போனது. அவன் அப்பா அதில் எங்கும் இல்லை.