போத்தாக் திரும்பி வந்த காலை

சேறு காயும் வாசனையோடுதான் அந்த நாட்கள் எனக்கு ஞாபகம் வருகின்றன. கோல சிலாங்கூர் ஆற்றில் நீர் வற்றும் காலையில், உப்பும் அழுகிய இலையும் கலந்த அந்த வாசனை எங்கள் தோட்டத்து கேட் வரை வரும்...

வெள்ளைக்காரன் ஆண்ட மலாயாவில் அவசரகாலம் அது. தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி. கேட்டில் துப்பாக்கியோடு காவல். மடியில் ஒரு பிடி அரிசியோடு வெளியே போக முடியாது. காட்டில் இருக்கும் கம்யூனிஸ்ட்காரர்களுக்குக் கொண்டுபோகிறாய் என்று பிடித்துவிடுவார்கள்.

எனக்குப் பதினைந்து வயது. நாலாம் வகுப்போடு பள்ளியை நிறுத்தியிருந்தார்கள். யாராவது பெயரைக் கேட்டால்கூடத் தரையைப் பார்ப்பேன். கேட்டுக்குப் பக்கத்துக் கொட்டகையில் சேவியர் ஐயாவின் ஆட்களுக்குச் சமைப்பது என் வேலை.

சேவியர் ஐயா அரசாங்க ஆள். அந்த ஆற்றின் மீனும் பறவையும் மிருகமும் அவர் பொறுப்பு. அவருக்குக் கீழே ஐந்து பேர். மீன் முட்டையிடும் காலத்தில் ஓடைகளில் வலை விழாமல் பார்ப்பார்கள். தூபா என்ற விஷ வேரை நசுக்கி, தண்ணீரில் கலந்து மீன் பிடிப்பவர்களைத் தடுப்பார்கள். விறகு வெட்டுகிறவர்களிடம் பேசி உயரமான மரங்களை விட்டுவைக்கச் சொல்வார்கள். ஐயா ஒரு நாளும் சத்தம் போட்டு வேலை வாங்கியதில்லை. முட்டிவரை சேற்றில் அவர்தான் முதலில் இறங்குவார். மற்றவர்கள் தானாக இறங்குவார்கள்.

"ஊரே சுட்டுக்கிட்டு சாவுது, நீங்க மீன் முட்டைக்கு காவலா?" என்று தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி கேலி செய்வார்.

"சண்டை முடிஞ்சா சாப்பிட வேணாமா கிராணி?" என்பார் ஐயா.

உயரமான மரங்கள் வேண்டியிருந்தன போத்தாக்குக்காக. மலாயில் மொட்டைத்தலை என்று அர்த்தம். தலையில் இறகில்லாத அந்தப் பெரிய பறவையை ஆற்றோரத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். மரங்களை வெட்ட ஆரம்பித்ததும் அவை வராமல் போய்விட்டன. திரும்பி வந்து கூடு கட்டுமா என்று ஐயா காத்துக்கொண்டே இருந்தார்.

ஒரு நாள் காலை, படகோட்டி பாக் மான் குடிதண்ணீர் எடுக்க வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"ரோசி! போத்தாக் சுடா பாலிக்! டுவா புலோ லெபே!"

போத்தாக் திரும்பி வந்துவிட்டது, இருபதுக்கு மேல்! ஆற்று வாயில், சேற்றில் வளரும் பாக்காவ் மரக்காட்டில் இருக்கிறது, மேலாற்றுக்குப் போக வேண்டிய ஐயாவும் ஆட்களும் அங்கேதான் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுத் தண்ணீரோடு ஓடினார்.

கேட்டில் அன்று முனியாண்டி அண்ணன் காவல். ஈஜோக் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து புதிதாக வந்தவர், ஆற்றோரப் பேச்சுப் பழகாதவர். பாக் மான் கத்திய முதல் வரியை மட்டும் கேட்டுவிட்டு ஆபீசுக்கு ஓடினார். ஏன் ஓடுகிறார் என்று எனக்குப் புரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஒரு ராணுவ லோரி வந்து நின்றது. பீரங்கிக் குழாய் ஒன்றை இறக்கி ஆற்று வாயைப் பார்த்துத் திருப்பினார்கள்.

"காட்டுக்காரனுங்க இருபது பேருங்க கிராணி. அத்தனை பேரும் தலைய மொட்டை அடிச்சிருக்கானுங்க. பாக் மான் வாயாலயே சொன்னாரு லா!" என்றார் முனியாண்டி அண்ணன், கூட வந்த கிராணியிடம்.

கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"அண்ணே... அது ஆளு இல்ல. பறவை."

"பறவைக்கு ஏது மொட்டை? உள்ள போ பிள்ள!"

"ஐயா அங்கதான் இருக்காரு. மேலாத்துக்குப் போகல!"

என் குரல் எனக்கே கேட்கவில்லை. லோரியில் வந்த வெள்ளைக்கார ஆபீசர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு இங்கிலீஷ் ஒரு சொல் வராது...

அப்புறம் செய்ததை இன்றுவரை என்னால் நம்ப முடியவில்லை. பீரங்கிக்கு முன்னால் போய் நின்றேன். தோள்களைக் குறுக்கி, கழுத்தை உள்ளே இழுத்து, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தேன். போத்தாக் அப்படித்தான் நடக்கும். பிறகு கைகளை விரித்து அடித்தேன். சிப்பாய்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஆபீசர் சிரிக்கவில்லை. என்னையும் கிராணியையும் கூட்டிக்கொண்டு ஆற்றங்கரை மேட்டில் ஏறினார். தூரக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு அதை என்னிடம் நீட்டினார்.

"நீயும் பாருங்கிறாரு" என்றார் கிராணி. அவர் குரலில் கேலி இல்லை.

பார்த்தேன்.

மரத்துக்கு மரம் கறுப்புச் சிறகும் வெள்ளை வயிறுமாக நின்றன. ஒன்று சிறகை விரித்தது... ஒரு கதவு திறப்பது போல இருந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. வெயில் அவற்றின் மேல் பட்டபோது மூச்சு விட மறந்தேன். அந்த மரங்களுக்குக் கீழே, இடுப்புவரை சேற்றில், சேவியர் ஐயா. பக்கத்தில் அவர் ஆட்கள். அத்தனை பேரும் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, அண்ணாந்து பார்த்தபடி, அசையாமல்... கோவிலில் நிற்பது போல.

பீரங்கியை லோரியில் ஏற்றிவிட்டார்கள்.

"மொட்டைன்னா மொட்டைதானே லா... நான் என்னத்த கண்டேன்" என்று முனியாண்டி அண்ணன் தலையைச் சொறிந்தார்.

மத்தியானம் சாப்பிட வந்த ஐயாவுக்கு எல்லாம் சொல்லியிருந்தார்கள். சோற்றில் கையை வைத்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ரோசி, எங்களுக்கும் நடந்து காட்டேன்."

"செத்தாலும் மாட்டேன் ஐயா!"

சிரிப்பில் கொட்டகையே அதிர்ந்தது. அந்தப் பருவத்தில் போத்தாக்குகள் அந்த மரங்களில் குஞ்சு பொரித்தன.

இப்போது மகளோடு புஞ்சாக் ஆலாமில் இருக்கிறேன். வழியெல்லாம் செம்பனை, கடைவீடுகள், லோரிகள். முள்கம்பி எங்கும் இல்லை, எந்த நேரமும் எங்கேயும் போகலாம். அந்தப் பாக்காவ் காட்டில் பாதி இல்லை.

போன மாதம் அசாம் ஜாவா பக்கம் போகும்போது சாலையோர வாய்க்காலில் ஒரு போத்தாக். ஒன்றே ஒன்று. காரை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். லோரிகள் ஹார்ன் அடித்துக்கொண்டு போயின. அது கழுத்தை இழுத்துக்கொண்டு, காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தது.

"யாரும்மா அங்க?" என்றாள் மகள் காருக்குள்ளிருந்து.

அது சிறகை விரிக்கும்வரை வெயிலில் நின்றேன்.