பனிக்கடியில் அள்ளிய பாசி

என் மனைவி தைமியை ஒரு கேள்வி பிடித்துக்கொண்டால் விடாது. பின்லாந்தின் வடகோடியான லாப்லாந்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருடம் சமைத்தவள். பிள்ளைகள் தட்டில் எதை மிச்சம் வைத்தார்கள் என்று பார்க்கமாட்டாள், ஏன் வைத்தார்கள் என்று நோண்டுவாள்.

போன கோடையில் ஊர்ச் சங்கத் தலைவர் தௌனோ பத்து நாள் காய்ச்சலில் கிடந்தார். கொசு பரப்பும் வைரஸ் என்றார் டாக்டர். பழி போட தௌனோவுக்கு உடனே ஆள் கிடைத்துவிட்டது. தாய்லாந்திலிருந்து ஆறு வருடமாகக் கோடைதோறும் காட்டுப்பழம் பறிக்க வந்து, சங்கத்தின் பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில் தங்கும் பிரானி.

"நம்ம கொசு முட்டை ஆறு மாசம் பனியில கெடக்கு. அதுல எந்த நோய் தங்கும்? அவதான் கொண்டாந்துட்டா. அடுத்த வருசம் அவளுக்குக் கட்டடத்துச் சாவி குடுக்கமாட்டேன்."

தங்க இடமில்லையென்றால் பிரானிக்கு வேலையும் இல்லை. தைமியின் கேள்வி அங்கேதான் முளைத்தது: குளிர்காலத்தில் அந்த வைரஸ் எங்கே இருக்கிறது?

மார்ச்சில் இடுப்பளவு பனியைத் தோண்டி, உறைந்த குட்டையோரத்துப் பாசியை இரண்டு வாளி அள்ளினாள். எங்கள் கொசு முட்டையிடுவது அதில்தான். ஒரு வாளி ஆய்வகத்துக்குப் போனது. மற்றது, அடுப்பு மூட்டி வேர்வைக்குளியல் போடும் எங்கள் சானாக் குடிலில், உடைமாற்றும் அறையில்.

"இது குளிர்லயே இருக்கட்டும், பெந்தி. அடுப்பு மூட்டாதீங்க" என்றாள்.

நானோ முதுகுவலிக்காரன். தினமும் மூட்டினேன்.

ஏப்ரல் கடைசி சனிக்கிழமை, வெளியே இன்னும் முழங்காலளவு பனி. சங்கக் கூட்டம் வழக்கம்போல எங்கள் சானாவில். ஐந்து ஆம்பிளைகள், ஒட்டுத்துணி இல்லை. வேர்த்து, உடைமாற்றும் அறைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் காதோரம் 'ஙொய்' என்றது. தௌனோ துள்ளினார்.

"ஏப்ரல்ல கொசுவா! எங்கேருந்துய்யா வந்துச்சு?"

கதவுக்கு வெளியிலிருந்து தைமி குரல் கொடுத்தாள். "அங்க இருக்கற பாசி வாளியிலேருந்து. அடுப்பு மூட்டுன சூட்டுல பொரிஞ்சிடுச்சு. பாசி உங்க நிலத்துக் குட்டையோரம் எடுத்ததுதான்."

"என்ன?"

"நேத்து ஆய்வகத்துலேருந்து கடுதாசி வந்துச்சு. உங்களுக்கு வந்த அதே வைரஸ், முட்டையிலேருந்து வந்த, இன்னும் யாரையும் கடிக்காத புழுவுலயே இருக்காம். தாய்க்கொசு முட்டையிலயே குடுத்துட்டுப் போயிடுதாம். பிரானி எந்த விமானத்துல வந்து உங்க பனிக்கடியில முட்ட வச்சா?"

"அப்ப இதுங்ககிட்டயும் இருக்குமா?"

"இருக்கலாம். உங்களுக்கென்ன, ஒரு தடவ வந்தாச்சு, இனி வராது. என் வீட்டுக்காரரு பாடுதான் திண்டாட்டம்."

அவசரமாகத் துண்டைப் போர்த்திக்கொண்டேன்.

தௌனோ முதுகைச் சொறிந்துகொண்டே சொன்னார்.

"பெந்தி, என் கால்சட்டைப் பையில பள்ளிக்கூடச் சாவி இருக்கு. எடுத்து தைமிகிட்ட குடுத்துடு. நான் இந்தக் கோலத்துல எப்படிப் போறது?"

கதவை ஒரு சாண் திறந்தேன். அவள் கை ஏற்கெனவே அங்கே நீண்டிருந்தது.