லெஸ் போட்ட வீடு

ஆங்கிலம் படிப்பிப்பதுதான் என் தொழில். ஆனால் என் கூடப்பிறந்த, என்னைவிட எட்டு வயது மூத்த ராத்தாவுக்குப் படிப்பித்த அந்தப் பத்து நாட்களில், இந்தத் தொழிலே வேண்டாம் என்றாகிவிட்டது.

சண்டை முடிந்து, கண்டக்குழிக் கடலில் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு சறுக்கி விளையாட வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கிய காலம் அது. அங்கே ஒரு விடுதியில் அறைகளைக் கவனிக்கப் பெண் ஒருவர் தேவை, ஓரளவு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும் என்றார்கள். ராத்தா வெங்காயத் தோட்டங்களில் கூலிக்குக் குனிந்து குனிந்தே இடுப்பைக் கெடுத்துக்கொண்டவர். இந்த வேலை கிடைத்தால் இடுப்பு தப்பும். இல்லாவிட்டால் அடுத்த போகமும் வெங்காயந்தான்.

ஒரே முடிவுள்ள சொற்களைக் கூட்டமாகப் படித்தால் சீக்கிரம் மண்டையில் ஏறும் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். கொப்பியில் கெயார்லெஸ், யூஸ்லெஸ், பிரைஸ்லெஸ், ஹோம்லெஸ் என்று வரிசையாக எழுதினேன்.

"லெஸ் எண்டு முடிஞ்சா, இல்லாதது. கவனமில்லாத, பயனில்லாத, வீடில்லாத. விளங்குதா?"

"லெஸ் எனக்குத் தெரியாதா? புடவைக் கடையில கேக்கிறதுதானே. கொஞ்சம் குறைச்சுத் தாறது."

"அது வேற லெஸ், ராத்தா."

"எழுத்து ஒண்டுதானே. லெஸ் கேட்டா கடைக்காரன் முழுத் துணியையும் சும்மாவா தாறான்?"

அதற்குமேல் நான் தொண்டை கிழியக் கத்தியும் பலனில்லை. அவருக்குக் கெயார்லெஸ் என்றால் கவனத்தில் கொஞ்சம் கழிவு. ஹோம்லெஸ் என்றால் வீட்டில் கொஞ்சம் குறைவு. பிரைஸ்லெஸ் என்றால் விலைமதிக்க முடியாதது என்றேன். "லெஸ் போட்ட சாமான் எப்புடி விலை கூடும்?" என்று கேட்டு, என்னைப் பாவமாகப் பார்த்தார். நான் சொன்ன விதிப்படி பார்த்தாலும் அது சும்மா கொடுப்பதாக அல்லவா இருக்க வேண்டும்? இந்த மொழியை உண்டாக்கியவன் கையில் கிடைத்திருந்தால் நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

நேர்முகத்துக்கு நானும் கூடப் போனேன். விடுதிக்காரி ஒரு வெள்ளைக்கார நோனா, நல்ல மாதிரி. ஊரைப் பற்றிக் கேட்டார். மன்னாரில் பிறந்ததையும், தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லாரையும் இயக்கக்காரர்கள் இருக்க விடாமல் விரட்டியதையும், புத்தளத்துக்கு வந்ததையும் ராத்தா துண்டு துண்டான ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். எனக்கே ஆச்சரியம்.

"அப்போ ஹோம்லெஸ் ஆகிவிட்டீர்களா?" என்று நோனா மெதுவாகக் கேட்டார்.

படித்த சொல் வந்துவிட்டதே என்று ராத்தாவின் முகம் மலர்ந்தது. "லிட்டில் ஹோம்லெஸ், மேடம். நொட் ஃபுல்."

என் மானம் கப்பலேறியது. "நோ, நோ," என்று குறுக்கே பாய்ந்தேன். "ஃபுல்லி ஹோம்லெஸ். நோ ஹவுஸ். நத்திங்."

நோனாவின் கண்கள் கலங்கின. ராத்தாவின் முகம் கறுத்தது. நத்திங் என்ற சொல் அவருக்கு நன்றாகத் தெரியும்.

திரும்பும்போது பஸ்ஸில் வெடித்தார்.

"நத்திங் எண்டு எப்புடிச் சொன்ன? சண்டை முடிஞ்சு நாம மன்னார் வீட்டப் போய்ப் பாத்தம்தானே. கூரையில்ல, கதவில்ல, சன்னலையும் கழட்டிட்டுப் போயிட்டானுகள். ஓம். ஆனா சுவர் நிக்குது. வாப்பா வெட்டின கிணறு தண்ணியோட கிடக்கு. அள்ளிக் குடிச்சதும் நீதான். அதுக்குப் பேரு நத்திங்கா?"

கொப்பியில் ஹோம்லெஸ் என்று எழுதிக் கொடுத்தவள் நான். அந்தச் சொல்லைச் சரியாக அளந்தவர் அவர்.

மறுநாளே வேலை கிடைத்துவிட்டதாகப் போன் வந்தது. நான் துள்ளிக் குதித்தேன். ராத்தா குதிக்கவில்லை.

"இங்கிலீசுக்குத் தந்தாவா, பாவம் பாத்துத் தந்தாவா?"

"இங்கிலீசுக்குத்தான்," என்று பொய் சொன்னேன். என்மேலேயே எனக்கு எரிச்சலாக வந்தது.

வேலைக்குப் போன முதல் நாள் காலை, பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

"எங்களுக்குக் கிணறு இருக்கெண்டு நோனாக்கிட்டச் சொல்லணும். எப்புடிச் சொல்ற?"

"வீ ஹேவ் எ வெல்."

அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தார். கேட்டுக்கொண்டே நின்றேன். திருத்த ஒன்றும் இருக்கவில்லை.