நாற்பத்து மூன்று படங்களுக்கும் ஒரே வரி

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஓர் ஆடி மாதத்தில் நடந்தது இது. நான் கோவை ஆர்.எஸ்.புரத்தில் வீட்டிலிருந்தபடியே தனியாகத் தொழில் செய்யும் போட்டோகிராபர். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று எதற்குக் கூப்பிட்டாலும் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். ஆடியில் முகூர்த்தம் கிடையாது என்பதால் எங்கள் பிழைப்பில் அது ஈ ஓட்டுகிற மாதம். வெளியே காற்று ஜன்னலைப் போட்டு அடித்துக்கொண்டிருக்கும். உள்ளே நான் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அது அடிப்பேனா என்றிருக்கும்.

பத்து வருடம் ஒரு ஸ்டுடியோவில் பார்த்த வேலையை அதற்கு முந்தைய வருடம்தான் விட்டிருந்தேன். விட்ட ஜோரில் ஒரு வெப்சைட் ஆரம்பித்தேன். முகப்பில் கொட்டை எழுத்தில், கவிதை மாதிரி இங்கிலீஷில் ஒரு வரி. அதற்கு எனக்கே சரியாக அர்த்தம் தெரியாது. பார்க்க ஸ்டைலாக இருந்தது, போட்டுவிட்டேன். ஆனால் இணையத்தில் என்னை நானே தேடிப் பார்த்தால் முதல் பக்கத்தில் காணோம், ஐந்தாம் பக்கத்திலும் காணோம். அதற்கு மேல் போக எனக்கே பொறுமை இல்லை, மற்றவர்களுக்கு எங்கே இருக்கும்? முகம் தெரியாத யாராவது ஒருவர் தேடிக் கண்டுபிடித்து ஒரே ஒரு போன் செய்ய மாட்டார்களா என்று உண்மையிலேயே ஏங்கிப்போயிருந்தேன்.

மதுக்கரையில் என்னோடு கல்லூரியில் படித்தவர் ஒருவர் இருக்கிறார். வெப்சைட் செய்து கொடுப்பது அவருக்குத் தொழில். அவரிடம் புலம்பினேன். என் பக்கங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஏனுங்க, ஊட்டுல கல்யாணம் வச்சிருக்கறவங்க இந்த இங்கிலீஷ் வரியைப் போட்டா தேடுவாங்க? அவங்க வாயில என்ன வார்த்தை வருமோ அதை எழுதுங்க. ஊர் பேர எழுதுங்க."

சுருக்கென்றது. ஆனாலும் கேட்டுக்கொண்டேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் தமிழில் தலைப்பு வைத்தேன். எந்தெந்த ஊர்களுக்கு வருவேன் என்று எழுதினேன். எங்கள் பக்கக் கல்யாணத்தில் மாப்பிள்ளை அருகே அவருடைய அக்காவோ தங்கையோ நிற்கும் இணைச்சீருக்கென்று தனிப் பக்கமே போட்டேன். படங்கள் எல்லாம் யானைக் கனம், பக்கம் திறப்பதற்குள் ஒரு காபி குடித்துவிடலாம் என்றார். அவற்றையும் சின்னதாக்கினேன். கடைசியாக ஒன்று சொன்னார். ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. அதற்கு ஆல்ட் டெக்ஸ்ட் என்று பேர். படத்தில் என்ன இருக்கிறதோ அதை ஒரு வரியில் அதில் எழுத வேண்டும். பக்கத்தைப் பார்க்கிறவர் கண்ணுக்கு அது தெரியாது, தேடுபொறி அதைப் படித்துப் புரிந்துகொள்ளும். அந்தப் பெட்டி வேறு யாருக்கெல்லாம் உதவும் என்றும் அவர் ஏதோ சொன்னார். என் காதில் 'தேடுபொறி படிக்கும்' என்பது மட்டும்தான் ஏறியது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? 'கோவை, காங்கேயம், திருப்பூர், பொள்ளாச்சி சிறந்த கல்யாண போட்டோகிராபர்' என்று ஒரு வரியைத் தட்டினேன். அதையே எல்லாப் பெட்டியிலும் ஒட்டினேன். வெப்சைட்டில் அதிகப் படங்கள் இருந்தது ஒரு காங்கேயம் கல்யாணத்துக்குத்தான், நாற்பத்து மூன்று. பெண் வீட்டாரிடம் கேட்டுக்கொண்டுதான் போட்டிருந்தேன். நாற்பத்து மூன்றுக்கும் அதே வரி. மனுஷர் யாரும் பார்க்காத இடத்தில் என்னத்தை எழுதினால் என்ன என்று நினைத்தேன்.

பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும். மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து போன். ஒரு பெண் குரல், ஐம்பது வயசுக்கு மேலிருக்கும். உங்களுடைய வெப்சைட்டைப் பார்த்துப் பேசுகிறேன் என்றதுமே எனக்குத் தலைகால் புரியவில்லை. எந்த மண்டபம், எத்தனை நாள், ஆல்பம் எப்படி வேண்டும் என்று மூச்சு விடாமல் ஒப்பித்தேன். அவர் நான் முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"இல்லீங்க அம்மணி, போன வருசம் என்ற புள்ள கல்யாணத்துக்கு நீங்கதான் போட்டோ புடிச்சீங்க. காங்கேயத்துல. எனக்குக் கண்ணு தெரியாதுங்க, ஞாபகம் இருக்குதுங்களா?"

ஞாபகம் இல்லாமல் என்ன? அன்றைக்கு மேடையில் நான் பட்ட பாட்டில் பாதி அந்த அம்மாவோடுதான். ஒவ்வொரு குரூப் போட்டோவுக்கும் அவருடைய தோளைப் பிடித்துக் கேமரா பக்கம் திருப்பி நிற்க வைப்பேன். பார்வை இல்லாதது படத்தில் தெரியக் கூடாது, அதுதான் என் கவலையெல்லாம். அதை ஒரு திறமை என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் விஷயத்துக்கு வந்தார். கல்யாணம் முடிந்து மகள் கனடாவுக்குப் போய்விட்டாள். உங்கள் வெப்சைட்டில் கல்யாணப் படங்கள் இருக்கின்றன என்று மகள்தான் சொல்லியிருக்கிறாள். அவருடைய போனில், திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக் காட்டும் வசதி உண்டு. என் பேரையும் ஊரையும் போனிடம் சொன்னதும் முதலாவதாக என் பக்கம் வந்து நின்றதாம். அதைக் கேட்டு நான் உள்ளுக்குள் குதித்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அப்புறம் அவர் விரலால் ஒவ்வொரு படமாகத் தொட்டுக் கேட்டிருக்கிறார்.

"எல்லாத்துலயும் நீங்க நல்ல போட்டோகிராபர்னே சொல்லுதுங்க. அடுத்ததுல என்ற புள்ளயப் பத்திச் சொல்லும், அடுத்ததுல சொல்லும்னு கடைசி வரைக்கும் கேட்டுப்போட்டேன். எந்தப் போட்டோவுலீங்க அவ இருக்கறா?"

அந்தக் குரலில் கோபம் துளிகூட இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நாற்பத்து மூன்று தடவை என் சொந்தத் தம்பட்டத்தை அந்த அம்மா காதில் அடித்திருக்கிறேன்.

வீட்டில் யாரும் சொல்லவில்லையா என்று மெல்லக் கேட்டேன். கணவர் கொப்பரைக் களம் வைத்திருக்கிறாராம், பகலெல்லாம் அங்கேதான். ஆல்பத்தைக் கையில் கொடுத்துக் கேட்டால் எல்லாப் படத்துக்கும் "நல்லாருக்குது" என்று ஒரே பதில்தான் வருமாம். மகளிடம் கேட்கலாம்தான். ஆனால் அம்மாவுக்கு இப்படி ஓர் ஏக்கம் இருக்கிறது என்று தெரிந்தால் அவள் அங்கே உட்கார்ந்து அழுவாள். அதனால் கேட்பதில்லை என்றார்.

நான் கம்ப்யூட்டரைத் திறந்தேன். இருங்கம்மா, நானே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன் என்று ஆரம்பித்தேன். படம் எடுப்பது சுலபம், சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. "பொண்ணு மேடையில நிக்கறாங்க" என்றேன். பூ எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது என்று கேட்டார். உற்றுப் பார்த்துச் சொன்னேன். கையை எங்கே வைத்திருக்கிறாள், அப்பாவைப் பார்க்கிறாளா தரையைப் பார்க்கிறாளா, சிரிக்கும்போது உதட்டைக் கடிக்கிறாளா என்று கேட்டுக்கொண்டே வந்தார். நானே எடுத்து, நானே கலர் சரிசெய்து, நூறு முறை பார்த்த படங்கள்தான். அவற்றில் பாதி எனக்குப் புதிதாக இருந்தன.

"எடது புருவத்துக்கு மேல ஒரு தழும்பு தெரியுதுங்களா? சின்னதுல களத்துல உழுந்து வாங்குனது. அவ ஆறாவது படிக்கறப்ப என்ற கண்ணு போச்சுங்க, அப்பப் பார்த்த மொகந்தான் எனக்கு. இப்ப தடவிப் பார்த்தா அந்தத் தழும்பு ஒண்ணுதான் பழைய எடத்துலயே இருக்குது."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தழும்பு இல்லை. எப்படி இருக்கும்? நான்தான் துடைத்து மழமழவென்று ஆக்கியிருந்தேனே. ஹார்டு டிஸ்க்கைச் செருகி, கைவைக்காத பழைய படத்தைத் தேடி எடுத்தேன். இருந்தது, ஓர் அரிசி அளவுக்கு. இருக்குதுங்கம்மா என்றேன். நான் அழித்ததையும் சொன்னேன். "பரவால்லீங்க, அழகா இருக்கோணும்னுதான செஞ்சீங்க" என்றார்.

இரண்டு மணி நேரம் ஓடியிருக்கும். நாற்பத்து மூன்றும் முடிந்தன. போனை வைக்கப்போகிறார் என்று நினைத்தேன். அப்புறம்தான், எதற்காகப் போன் செய்தாரோ அதைக் கேட்டார்.

"பொண்ணு கெளம்பறப்ப எடுத்தீங்களா? எல்லாரும் அவ சிரிச்சுட்டே போனான்னு சொல்றாங்க. என்னையத் திரும்பிப் பார்த்தாளான்னு மட்டும் தெரியோணும். ஒரு வருசமா மனசுல அதுதான் கெடக்குது."

எடுத்திருந்தேன். எந்தப் படம் என்று தேடாமலே தெரியும். ஆல்பத்திலும் சேர்க்காமல் வெப்சைட்டிலும் போடாமல் நான் ஒதுக்கிய படம் அது. மண்டப வாசலில் பெண் ஏறிய கார் நகர்கிறது. அதற்கு முன்னால் சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்ட ஒரு வேன் உறுமிக்கொண்டு நிற்கிறது. பெண் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டியிருக்கிறாள். அம்மா கையை உயர்த்தி ஆட்டுகிறார், வேனைப் பார்த்து. படம் கெட்டுவிட்டது என்று அன்றைக்கு அலுத்துக்கொண்டேன்.

"பார்த்தாங்கம்மா. உங்களையேதான் பார்க்கறாங்க" என்றேன். அதில் பொய் இல்லை. தான் எப்படி நிற்கிறார் என்று கேட்டார். கை காட்டுகிறீர்கள் என்றேன். அதிலும் பொய் இல்லை.

"எந்தப் பக்கமுங்க?"

இதற்குப் பொய் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. சொல்லியிருந்தால் அவர் கண்டுபிடிக்கவும் முடியாது. ஆனால் அந்தத் தழும்பு கண் முன்னால் வந்து நின்றது. ஒரு தடவை துடைத்தது போதும் என்று பட்டது. வேன் பக்கமுங்க என்றேன்.

"வேன் சத்தந்தான் பெருசா கேட்டுது. அதுதான் காருன்னு நெனச்சுப்போட்டேன்" என்றார். பிறகு, அவள் சிரிக்கிறாளா என்றார். இல்லைங்கம்மா, அழுகிறாங்க, வாய் திறந்திருக்குது, ஏதோ சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி இருக்குது என்றேன்.

"அம்மான்னுதான் கூப்பிட்டிருப்பா" என்றார் அவர். "அந்தப் போட்டோவையும் போடுங்க அம்மணி. போட்டு, என்ன இருக்குதோ அதை எழுதுங்க. நான் எந்தப் பக்கம் பார்த்தேங்கறதையும் எழுதுங்க. எனக்கு வேணுங்கறப்ப நானே கேட்டுக்குவேன்."

மகளிடம் கேட்காமல் போடுவது சரியில்லை என்று அவரிடம் சொல்லிவிட்டு, படத்தைக் கனடாவுக்கு அனுப்பினேன். ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லை. மறுநாள் இரண்டு வரி வந்தது. போடுங்கக்கா என்று ஒன்று. அன்னிக்கு நான் கார்ல இருந்து எறங்கிப் போயிருக்கணும் என்று இன்னொன்று.

அந்த வாரமே எல்லாப் பெட்டிகளையும் காலி செய்து முதலிலிருந்து எழுதினேன். மதுக்கரை நண்பர், இதைத்தான் அன்றைக்கே சொன்னேன் என்றார். சொல்ல அவருக்கு உரிமை உண்டு. நாற்பத்து நான்காவது படத்தின் பெட்டிக்கு மட்டும் மூன்று நாள் ஆனது. கடைசியில் இப்படி எழுதினேன்: 'மண்டப வாசல். மகள் காரிலிருந்து தலையை நீட்டி, அழுதுகொண்டே அம்மாவைக் கூப்பிடுகிறாள். இடது புருவத்துக்கு மேல் சிறு தழும்பு. அம்மா கையை உயர்த்தி, முன்னால் நிற்கும் வேனுக்கு விடை கொடுக்கிறார்.'

அதன்பின் வேலை கொஞ்சம் கொஞ்சமாக வர ஆரம்பித்தது. கல்யாணத்துக்குப் போனால் இப்போது பட்டனை அமுக்குவதற்கு முன்னால், இதை வாயால் எப்படிச் சொல்வேன் என்று ஒரு கணம் யோசிக்கிறேன். யாரையும் தோளைப் பிடித்துத் திருப்புவதில்லை.

எந்தப் பக்கத்துக்கு எந்த ஊரிலிருந்து ஆள் வந்தார்கள் என்று காட்டும் பட்டியல் ஒன்று வெப்சைட்டில் உண்டு. காங்கேயம் கல்யாணப் பக்கத்தை அநேகமாகத் தினமும் மதியத்தில் ஒருவர் திறக்கிறார். பட்டியல் ஊரைக் குத்துமதிப்பாகத்தான் சொல்லும் என்பதால் சில நாள் காங்கேயம் என்றும் சில நாள் திருப்பூர் என்றும் காட்டும். யாரென்று எனக்குத் தெரியும். சில மாதங்களாகக் கனடாவில் ஓர் ஊரிலிருந்தும் ஒருவர் அதே பக்கத்துக்கு வந்துபோகிறார். அம்மாவும் மகளும் அந்தப் படத்தைப் பற்றி ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டார்களா என்று நான் கேட்டதில்லை. ஆனால் இந்தப் பக்கத்து ஊரையும் அந்தக் கனடா ஊரையும் ஒரே நாளில் பார்க்கிறபோதெல்லாம், இரண்டு பேரில் யாராவது முதலில் பேசிவிட மாட்டார்களா என்று என் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.