நாடகத்து வீட்டுக் குழாய்

என் அக்கா மகன் சென்னையில் சினிமாவுக்கு வசனம் எழுத முயன்றுகொண்டிருக்கிறான். போன மாதம் வந்திருந்தபோது, தொண்ணூறுகளில் டிவியில் வந்த அரைமணி நேரக் காமெடி நாடகங்களை நான் செல்போனில் தேடித் தேடிப் பார்ப்பதைக் கண்டு சிரித்தான். "இதுல என்ன சித்தி இருக்கு? மேனேஜர்கிட்டப் பொய் சொல்லி லீவு போடறான், மாட்டிக்கறான். அரசியலே இல்லை. பல்லில்லாத காமெடி," என்றான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பல்லுள்ள காமெடி ஒன்றை நானே எழுதி, அது யாரைக் கடித்தது என்று பார்த்தவள் நான். அந்தக் கதையைச் சொன்னால் அவன் பாதியில் எழுந்து போய்விடுவான். அதனால் இங்கே எழுதுகிறேன்.

பீளமேட்டில் ஒரு மில்லுக்குப் பின்னால் இருந்த லைன் வீடுகளில் எங்களுடையது ஒன்று. அப்பாவுக்கு மில்லில் ஷிப்டு வேலை. ஊரே பெருமை பேசும் சிறுவாணித் தண்ணீர் மெயின் ரோடு வரை வந்து நின்றுவிட்டது. எங்கள் லைனுக்குக் குழாய் இல்லை. மில் கேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த பொதுக் குழாயில் பகல் பதினோரு மணிக்குத்தான் தண்ணீர் விடுவார்கள். அந்த நேரம் நான் கல்லூரியில் இருப்பேன், அப்பா மிஷின் முன்னால் நிற்பார். அம்மாதான் குடம் தூக்குவாள். முதுகுத் தண்டில் தட்டு விலகியிருக்கிறது, இனிக் குடம் தூக்கினால் படுத்த படுக்கைதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "அவருக்கென்ன, சொல்லிப்போட்டாரு," என்று அம்மா தூக்கிக்கொண்டுதான் இருந்தாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மட்டும் அவள் எதையும் தூக்க மாட்டாள். டிவி முன்னால் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிடுவாள். அன்றைக்குத்தான் அந்தக் காமெடி நாடகம் வரும். அதில் ஒரு பிளாட் வீடு. புருஷன் ஏதாவது புளுகுவான். பெண்டாட்டி சமையலறைக் குழாயைத் திறந்து பாத்திரத்தை வைத்துவிட்டு, திரும்பி நின்று அவனைத் திட்டுவாள். பாத்திரம் பாட்டுக்கு நிறையும். நாங்கள் எல்லாரும் புருஷனைப் பார்த்துச் சிரிப்போம். அம்மா குழாயைப் பார்ப்பாள். "தொறந்தா வருது பாரு கண்ணு. அவ அதைத் திரும்பிக்கூடப் பாக்கறதில்லை," என்பாள்.

எனக்கு அப்போது இருபது வயது. எழுதினால் உலகம் திருந்திவிடும் என்று நம்புகிற வயது. லைன் வீட்டுப் பொங்கல் விழாவுக்கு நாடகம் எழுதச் சொன்னார்கள். எங்கள் கவுன்சிலரையே எழுதினேன். எதைக் கேட்டாலும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு "பாத்துக்கலாமுங்க" என்கிற கவுன்சிலர். குழாய் கேட்டால் குழி தோண்டுவார். குழிக்கு மாலை போட்டுத் திறப்புவிழா நடத்துவார். ஒத்திகையில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இதைப் பார்த்தால் அந்த மனுசன் வெட்கத்திலேயே குழாய் போட்டுவிடுவார் என்று நினைத்தேன்.

இங்கேதான் நாங்கள் ஒரு காரியம் செய்தோம். வேறு ஊர்க்காரர்கள் செய்திருக்க மாட்டார்கள். எங்கள் பக்கம் விசேஷம் என்றால் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, நேரில் போய் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். விட்டுப்போனால் தலைமுறைக்கும் பேச்சுவார்த்தை இருக்காது. விழாக் கமிட்டிக்காரர்களுக்கு மனசு கேட்கவில்லை. "அவரைப் பத்தின நாடகமுங்க. அவருக்கே சொல்லலீன்னா நல்லாருக்குமுங்களா?" என்று கிளம்பிவிட்டார்கள். யாரைக் கிழிக்கப் போகிறோமோ அவரையே வெற்றிலை பாக்கு வைத்து அழைத்துவிட்டு வந்தோம். ஆமாம், நானும்தான் கூடப் போனேன்.

வந்தார். முன்வரிசையில் உட்கார்ந்தார். கூட்டத்திலேயே அதிகம் சிரித்தது அவர்தான். முடிந்ததும் மேடையேறி, கவுன்சிலராக நடித்த லேத் பட்டறை அண்ணனுக்குப் பொன்னாடை போர்த்தினார். மைக்கைப் பிடித்து, "குழாய் எப்ப வரும்னு கேக்கறீங்க," என்று நிறுத்தி, துண்டை உதறித் தோளில் போட்டு, "பாத்துக்கலாமுங்க" என்றார். கைதட்டல் அடங்க நேரமானது. நானும் தட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எரிச்சல் வருகிறது. அன்றிலிருந்து எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் அவர் அந்த வசனத்தைச் சொன்னார். தங்கமான மனுசன், கிண்டலைக்கூடத் தாங்கிக்கொள்கிறார் என்று ஊர் பேசியது. குழாய் கேட்டுப் போனவர்களும் அவரோடு சேர்ந்து சிரித்துவிட்டுத் திரும்பினார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "நல்லாத்தான் எழுதியிருக்கற. நாளைக்குப் பதினோரு மணிக்கு யாரு போறது?" என்றாள்.

அடுத்த மார்கழியில் மில் கேட்டருகே குடத்தோடு விழுந்தாள். பத்து நாள் எழுந்திருக்கவில்லை. நான் கல்லூரிக்கு மட்டம் போட்டுத் தண்ணீர் எடுத்தேன். அந்தச் சமயம் பார்த்துக் கமிட்டிக்காரர்கள் வந்தார்கள். போன வருச நாடகத்தையே போடலாமாம். மைக் செட்டு, லைட்டு எல்லாம் கவுன்சிலரே கொடுக்கிறாராம். தன்னைக் கிண்டல் பண்ணத் தானே மைக் செட்டு தருகிறார். "அதைப் போட மாட்டேனுங்க. தட்டு எடுத்துட்டு அவரு ஊட்டுக்கு யாராச்சும் போனா நாடகமே இல்லீங்க," என்றேன். முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும். ஒரு புருஷன், ஒரு பெண்டாட்டி, ஒரு பொய் லீவு என்று புதிதாக எழுதிக் கொடுத்தேன். கவுன்சிலர் அதில் எங்குமே இல்லை.

விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் அவரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். அம்மா அப்போதுதான் சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கியிருந்தாள். "ஏனுங்க அம்மணி, நமக்கு ஒரு வார்த்தை சொல்லலீங்களே?" என்றார். குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. மேடையில் கிழித்தபோது வராத வருத்தம்.

"வாங்க, உக்காருங்க," என்று நாற்காலியைக் காட்டிய அம்மா அதற்குமேல் நகரவில்லை. எங்கள் பக்கம் வீட்டுக்கு வந்தவர் கையில் முதலில் ஒரு சொம்பு தண்ணீர் கொடுப்போம், பிறகுதான் பேச்சு. பகையாளிக்கும் கொடுப்போம். உள்ளே நான் எடுத்து வைத்த குடம் நிறையத் தண்ணீர் இருந்தது. அவர் காத்திருந்தார். அம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"கொஞ்சம் தண்ணி..." என்றார் கடைசியில்.

"இல்லீங்க," என்றாள் அம்மா. "மில் கேட்டு வரைக்கும் போய் எடுத்தாரோணும். எனக்கு இடுப்பு ஆகாதுங்க. நீங்க குழாயைக் கொண்டாந்து போட்டீங்கன்னா, உங்களுக்கும் ஒரு சொம்பு தர்றனுங்க."

அவர் சிரிக்கப் பார்த்தார். கை துண்டுக்குப் போனது. வசனம் வரவில்லை. எழுந்து போய்விட்டார். அம்மா என் பக்கம் திரும்பினாள். "தப்புப் பண்ணிப்போட்டனா கண்ணு?" என்று கேட்டாள். இல்லை என்றேன், இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

விஷயம் லைன் முழுக்கப் பரவியது. அதற்குப் பிறகு அவர் யார் வீட்டு வாசலில் நின்றாலும் "வாங்க" உண்டு, தண்ணீர் கிடையாது. அவிநாசியில் இருந்த அவர் சம்பந்தி வீடு வரை பேச்சுப் போனதாம். ஆடி மாதம் ரோட்டைத் தோண்டினார்கள். இந்த முறை குழிக்குள் குழாயும் வந்தது.

என் பல்லுள்ள நாடகம் அவருக்கு ஒரு வசனத்தை எழுதிக் கொடுத்தது, அவ்வளவுதான். அக்கா மகன் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். அந்தப் பழைய நாடகங்களை நான் இன்னும் நூறு தடவை பார்ப்பேன். சமையலறைக் காட்சி வந்தால் அங்கேயே நிறுத்தித் திரும்பவும் பார்ப்பேன்.

வாசலில் தண்ணீர் வந்த முதல் நாள் நான் பஸ்ஸை விட்டுவிட்டு வீட்டுக்குத் தாமதமாக வந்தேன். அம்மா குழாயைத் திறந்து குடத்தை வைத்துவிட்டு, திரும்பி நின்று என்னைத் திட்டத் தொடங்கினாள். குடம் நிறைந்து வழிந்தது. அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.